ஒரு ஸ்பூன் மகரந்தம்

நவம்பர் 3, திங்கள்

டாக்டர் ஐரின் இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தின்பது, குடிப்பது, தொடுவது, பூசுவது எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுத வேண்டுமாம். உடம்பில் எங்கே தடித்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும். மூன்று வாரமாக வந்து வந்து போகும் இந்தத் தடிப்பு ஒவ்வாமைதான் என்று சொல்லிவிட்டார். எதனால் என்பதை நான்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.

"ஒண்ணு விடாம எழுதுங்க. இதுல என்ன இருக்குன்னு நீங்க விட்டுடறதுதான் பெரும்பாலும் காரணமா இருக்கும்" என்றார்.

நாகர்கோவில் பஸ் நிலையத்தில் இந்த நோட்டை வாங்கினேன். அட்டையில் இரண்டு வாத்துகள். என் பெயர் சுகிர்தா, வயது நாற்பத்தேழு, மார்த்தாண்டத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். இதெல்லாம் டாக்டருக்குத் தெரியும். இருந்தாலும் முதல் பக்கத்தைச் சும்மா விட மனசு வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

காலை 6.10: வழக்கமானது.
6.35: இடது உள்ளங்கை அரிப்பு. பிறகு காது, கழுத்து. கழுத்தில் எட்டணா அளவில் மூன்று தடிப்பு.
8.00: எல்லாம் போய்விட்டது. புட்டு, பயறு, பப்படம்.
1.30: சோறு, றால் தீயல் குழம்பு, முட்டைகோஸ்.
4.30: சாயா, பழம்பொரி ஒன்று. (இரண்டு.)
இரவு: கஞ்சி, துவையல்.
சோப்பு பழைய சோப்புதான். பவுடர் போடவில்லை.

எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, ஒரு நாளில் எவ்வளவு தின்கிறேன் என்று.

நவம்பர் 6, வியாழன்

விடாமல் மழை. குழித்துறைப் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்பதால் வகுப்பு இல்லை. பட்டியலை மட்டும் தனித்தாளில் எடுத்து டாக்டரிடம் கொடுத்துக்கொள்ளலாம். மீதியை நான் எனக்காக எழுதிக்கொள்கிறேன். எழுதுவது பிடித்துவிட்டது.

இவரைப் பற்றி, என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் நேசையன். இருபத்தாறு வருடம் அரசுப் பேருந்து ஓட்டினார். போன வருடம் இடது கண்ணில் பார்வை மங்கியது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஓய்வு வாங்கி வந்தவர் முன்னறையில் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை. அதாவது தின்ன, தூங்க எழுந்தார். டிவி ஓடும், சத்தம் இருக்காது. எதைக் கேட்டாலும் "ம்". கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்டாட்டி தினமும் சாவியை எடுத்துக்கொண்டு அவர் முன்னாலேயே வெளியே போக வேண்டியிருந்தது. அது எனக்கு எப்படி இருந்தது என்பதை இந்த நோட்டில் எழுத வேண்டாம்.

ஜூன் மாதம் யாரோ கூப்பிட்டார்கள் என்று தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போனார். மடியில் ஒரு பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இப்போது வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரத்தடியில் ஆறு பெட்டிகள். ராணி எப்போது முட்டையிடும், வேலைக்கார ஈ எத்தனை நாள் இருக்கும் என்றெல்லாம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். குழம்பு ஆறிவிடும். ஆறட்டும்.

அக்டோபரில் ஒவ்வொரு பெட்டி வாசலிலும் துளையிட்ட தகடு ஒன்றை மாட்டினார். ஈ அந்தத் துளை வழியாக நெருக்கிக்கொண்டு நுழையும்போது காலில் ஒட்டியிருக்கும் மகரந்த உருண்டை கீழே தட்டில் விழும். கடுகு அளவில், மஞ்சளும் ஆரஞ்சுமாக. அதை உலர்த்திப் பாட்டிலில் அடைத்து, தினமும் காலையில் எனக்கு ஒரு ஸ்பூன் தருகிறார். ரோட்டில் வண்டிப் புகை குடிக்கிறவளுக்கு உடம்புக்கு நல்லதாம். நான் விழுங்குகிறவரை எதிரில் நின்று பார்ப்பார். முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம்.

இன்றும் 6.10: வழக்கமானது. 6.30: அரிப்பு, கொஞ்சம் தும்மல்.

நவம்பர் 9, ஞாயிறு

இவர் நேற்று மத்தியானமே கண் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போய்விட்டார். தங்கை வீட்டில் தங்கி நாளைதான் வருவார்.

இன்று அரிப்பே இல்லை. தும்மலும் இல்லை. ஞாயிறு என்பதால் காரில் ஏறவில்லை. கார்தான் காரணமாக இருக்கும். சீட் உறை புதுசு.

நவம்பர் 12, புதன்

சீட் உறையைக் கழற்றிவிட்டேன். வாசனைக்குத் தொங்கவிட்ட எலுமிச்சை அட்டையையும் எடுத்துப் போட்டேன். 6.40க்கு அரிப்பு வந்தது.

காலை வகுப்புக்கு வருகிறவர் சிஸ்டர் ஜெசிந்தா. கன்னியர் மடத்துக்கு ஒரு வேன் வாங்கியிருக்கிறார்கள். ஓட்டக் கற்றுக்கொள்ள அங்கே யாரும் முன்வராததால் ஐம்பத்திரண்டு வயதில் இவரை அனுப்பியிருக்கிறார்கள். என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்கி ஆண்ட மனுஷி, ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுகிறார். ஒரு மாதமாகியும் இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. மூன்றாவது போடுங்கள் என்றால், "இதே நமக்குப் போதும் டீச்சர்" என்கிறார். இன்று ஒரு வாத்துக் கூட்டம் எங்களை முந்திப் போயிற்று.

நவம்பர் 14, வெள்ளி

டாக்டரிடம் தாளைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "காலைல ஆறு பத்துக்கு வழக்கமானதுன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?" என்று கேட்டார்.

சாயா என்றேன். காலையில் சாயாவும் குடிக்கிறேன்தானே.

அவர் அந்த வரியின் கீழே ஒரு கோடு போட்டார். பிறகு ஒரு மாதம் றால், நண்டு, கணவாய் வேண்டாம் என்றார். மாத்திரை எழுதினார். தொண்டை அடைத்தாலோ மூச்சு முட்டினாலோ மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் அந்த நிமிடமே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அவ்வளவு தூரம் எங்கே வரப்போகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

சந்தையில் நல்ல றால் வந்திருந்தது. வாங்காமல் வந்தேன். நான் தின்னாததை அவரும் தின்ன மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து றால் தின்கிற மனுஷன். இரண்டு பேரும் வெண்டைக்காய் தின்றோம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அது ஒவ்வாமை இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

உடம்பு தேறவே மாட்டேன் என்கிறது, சத்து போதவில்லை என்று இவர் ஒன்றரை ஸ்பூனாக ஆக்கிவிட்டார்.

6.30: மேலுதடு வீங்கியது. சிஸ்டர் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒதட்டுல குளவி கொட்டிச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கன்னியாஸ்திரீயிடம் பொய் சொன்னால் தனிக் கணக்கு உண்டா தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

(சுகிர்தா ஆஸ்பத்திரியில் இருப்பதால் நேசையன் எழுதுவது.)

காலை 6.10: மகரந்தம் ஒன்றரை ஸ்பூன். நான் கொடுத்தது.
6.25: வகுப்புக்குப் புறப்பட்டாள். மழை.
6.40 சுமாருக்கு: கார் சகதியில் மாட்டியதாகவும், இவள் இறங்கித் தள்ளியதாகவும் சிஸ்டர் சொன்னார்.
6.50: மயக்கம்.
7.05: ஆஸ்பத்திரி. தொடையில் ஊசி. பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒன்று.
9.00: கண் திறந்து பேசினாள். நாளை மாலை வரை இங்கேயே இருக்க வேண்டும்.

காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சொன்னேன். டாக்டர் ஐரினிடம் போனில் பேசினார்கள். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னதால் வீட்டுக்கு வந்து எடுத்தேன். நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

இதில் "வழக்கமானது" என்று எழுதியிருப்பதெல்லாம் மகரந்தம். டாக்டருக்குத் தெரிவதற்காக எழுதுகிறேன்.

பெட்டி வாசலில் இருந்த தகடுகள் ஆறையும் கழற்றிவிட்டேன். பாட்டில் மூன்றையும் குழி தோண்டிக் கொட்டி மூடினேன்.

நவம்பர் 22, சனி

நேற்று மாலை வீட்டுக்கு வந்தேன். நோட்டில் அவருடைய எழுத்தைப் பார்த்தேன். பஸ் டிரிப் ஷீட்டில் நேரம் எழுதிப் பழகிய கை.

நடந்தது என் நினைவில் இருக்கிறவரை: காரைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். உள்ளங்கால் அரித்தது. அப்புறம் உடம்பு முழுவதும் யாரோ மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. நாக்கு வாய்க்குள் பெரிதாகிக்கொண்டே போயிற்று. நிறுத்துங்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல் வரவில்லை. பயிற்சிக் காரில் என் பக்கமும் இருக்கும் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினால், அந்தக் கால் யாருடையதோ போல் இருந்தது. சிஸ்டரின் வெள்ளை உடுப்பு மட்டும் கண்ணில் நின்றது.

மீதி சிஸ்டர் இன்று பார்க்க வந்தபோது சொன்னது. என் தலை சாய்ந்ததைப் பார்த்ததும் காரை நிறுத்திக் கத்தியிருக்கிறார். மழையில் ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஐந்து கிலோமீட்டர். என் சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, ஹாரனில் கையை வைத்தவர் வாசல் வரும்வரை எடுக்கவில்லையாம். சந்திப்பில் போலீஸ்காரர் கையைக் காட்டியதை வழிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் செடித்தொட்டி இரண்டு உடைந்திருக்கிறது. கார் கதவில் ஒரு கோடு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து என் காதருகில் குனிந்தார்.

"டீச்சர், நான் மூணாவது கியர் போட்டேன். நீங்கதான் பாக்கல்ல."

நவம்பர் 24, திங்கள்

அரிப்பு இல்லை. தும்மல் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டிவி ஓடுகிறது. சத்தம் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

அப்படியே.

நவம்பர் 26, புதன்

மத்தியானம் போனில் யாரிடமோ, வந்து ஆறையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று பேசுவது கேட்டது. தேன் சங்கத்து ஆள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து டிவியை நிறுத்தினேன். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எத்தனை நாள் இப்படியே போவது.

தெரிந்துதான் தின்றேன் என்று சொன்னேன். இரண்டாவது வாரமே தெரியும் என்றும் சொன்னேன்.

நோட்டைப் படித்தேன் என்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

"சொன்னேன். அக்டோபர்ல ஒரு நாள், இன்னைக்கு வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு நாள் நீங்க வாயே தொறக்கல்ல. மறுபடியும் இந்த நாற்காலியில போய் இருந்திருவியளோன்னு பயந்துட்டேன்."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, விரல் விட்டு நாளை எண்ணினார்.

"அது பல்லுவலி" என்றார்.

வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்து, கடைவாயில் பல் பிடுங்கிய இடத்தைக் காட்டினார். நான் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறார். சொன்னால் பயப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

சிரிப்புதான் முதலில் வந்தது. என்னால் அடக்கவே முடியவில்லை. ஒரு பல்லுக்காக ஒன்றரை மாதம் நான் தியாகம் செய்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இருவத்தாறு வருஷம் பஸ் ஓட்டுனவன். ஒரு ஆளு எறங்கணும்னு சொன்னா கோவிச்சுக்கிடுவேனா? நீ இல்லாத வீட்டுல நான் எந்த நாற்காலியில போய் இருப்பேன், சுகிர்தா?"

கண்ணில் நீர் வந்தது. பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை.

பெட்டிகளைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல, கொடுத்தே தீருவேன் என்று அவர் சொல்ல, சாயந்திரம் வரை சண்டை. கல்யாணமான புதிதில் போட்டது மாதிரி நல்ல சண்டை. கடைசியில் டாக்டர் சொல்வதுதான் முடிவு என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

நவம்பர் 28, வெள்ளி

டாக்டர் ஐரின் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சாயான்னு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார்.

பூவிலிருந்து ஈ கொண்டுவரும் மகரந்தத்தில் பல செடிகளின் தூள் கலந்திருக்கும். எனக்கு அதில் ஏதோ ஆகவில்லை. ஆகாத ஒன்றைத் தினமும் தின்று, அதன்மேல் காரையும் தள்ளியதால் அவ்வளவு மோசமாகப் போயிருக்கிறது. ஒன்றரை மாதம் கழித்து ஊசிமுனையால் தோலில் குத்திச் சோதனை செய்யலாம், தேனீயின் விஷமும் ஆகாதா என்பதையும் அப்போது பார்த்துவிடலாம் என்றார். அதுவரை மகரந்தம், தேன் எதுவும் கூடாது. பெட்டிப் பக்கம் போகக் கூடாது. றால் தின்னலாம்.

திரும்பும் வழியில் றால் வாங்கினோம். ஒரு கிலோ.

அவசர ஊசி மருந்தும் சிரிஞ்சும் தந்து, எப்படிப் போடுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வெறும் தண்ணீரை ஏற்றி ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகுகிறார். வீட்டில் இப்போது தின்ன முடியாத ஆரஞ்சு ஏழு இருக்கிறது.

டிசம்பர் 17, புதன்

சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு இன்று டெஸ்ட். ஐந்து கிலோமீட்டர் ஹாரனைப் பிடித்துக்கொண்டு ஓட்டியவர் இன்று காரில் ஏறும் முன் இரண்டு முறை ஜெபம் சொன்னார். அன்றைக்குப் பயப்பட நேரம் இல்லை, இன்றைக்கு நிறைய நேரம் இருக்கிறது என்றார். மூன்று கியரும் போட்டார். நான்காவதும் போட்டார். பாஸ்.

இவரும் கூட வந்திருந்தார். சிஸ்டருக்கு உலர்திராட்சை போட்ட கேக் வாங்கிக் கொடுத்தார். வாங்கும்போது தேன் கலந்திருக்கிறதா என்று பேக்கரிக்காரரை மூன்று முறை கேட்டார். கேக் சிஸ்டருக்குத்தானே என்றேன். நீ ஒரு துண்டு எடுப்பாய், எனக்குத் தெரியும் என்றார். எடுத்தேன்.

ஜனவரி 7, புதன்

சோதனை முடிந்தது. முன்கையில் வரிசையாகப் பத்துச் சொட்டு வைத்துக் குத்தினார்கள். மகரந்தம் வைத்த மூன்று இடம் பத்து நிமிடத்தில் உப்பிக்கொண்டு வந்தது. தேனீ விஷம் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. இவர் என் கையை ஜன்னல் பக்கம் திருப்பி, நல்ல கண்ணால் பார்த்து, ஒன்றும் இல்லை என்பதை உறுதி செய்தார்.

தேனீ எனக்கு எதிரி இல்லை. அது காலில் கொண்டுவருவதுதான். ஆனாலும் வீட்டோடு ஒட்டி ஆறு பெட்டி வேண்டாம், தள்ளி எங்காவது வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடித்தால் குளித்து உடுப்பை மாற்றிவிட்டு வீட்டுக்குள் வாருங்கள் என்று டாக்டர் அவரிடம் சொன்னார். தள்ளி என்றால் எங்கே? வீட்டைச் சுற்றி எங்களுக்கு இருப்பதே பதினைந்து சென்ட்.

பஸ்ஸில் வரும்போது அவர் பேசவில்லை. பல்வலியா என்று கேட்டேன். இல்லை, யோசிக்கிறேன் என்றார்.

ஜனவரி 8, வியாழன்

விஷயத்தைச் சிஸ்டரிடம் போனில் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். மடத்துக்குப் பின்னால் நான்கு ஏக்கர் ரப்பர் தோட்டம், சுற்றிலும் தென்னை. மடத்துத் தலைவி சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாள் தேனீயைப் பற்றி இவர் பாடம் எடுக்க வேண்டும்.

நான் பாடம் எடுக்கவா, எனக்கு என்ன தெரியும் என்று இவர் கேட்டார். ஜூன் மாதத்திலிருந்து என் சோறு ஆறிப்போனதற்கு என்ன காரணம் என்று கேட்டேன்.

ஜனவரி 10, சனி

ஈக்கள் எல்லாம் நேற்று மாலை பெட்டிக்குள் அடைந்ததும் வாசல்களை வலையால் அடைத்துவைத்திருந்தார். விடிந்தும் விடியாமலும் சிஸ்டர் மடத்து வேனோடு வந்துவிட்டார். தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். நான் ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டு காரில் பின்னால் போனேன்.

சிஸ்டர் ஓட்ட, பக்கத்தில் இவர். மடத்துக்கு ஏறும் சரிவில் வேன் நின்றுவிட்டது. ஒரு முழம் பின்னால் உருண்டு வந்தது. ஆறு பெட்டி ஈயும் என்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டு பிரேக்கில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். இவருடைய கை ஜன்னலுக்கு வெளியே வந்தது. பொறு என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டியது. சிஸ்டரிடம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வேன் ஒரு குலுக்கல் குலுங்கி, அப்படியே நின்று, பிறகு ஒரே மூச்சில் ஏறிப் போயிற்று. நான் நாற்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்து வராதது.

நான் வாசலோடு திரும்பிவிட்டேன். அவர் ஒன்பது மணிக்குச் சிஸ்டரின் வேனில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வராமல் நேராகப் பின்பக்கக் குளியலறைக்குப் போனார். நான் வெளியே சாயாவோடு நின்றேன். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் வந்தது. வலையை எடுத்ததும் முதல் ஈ எப்படி வெளியே வந்து இடத்தைச் சுற்றிப் பார்த்தது, இரண்டாவது பெட்டி ஏன் கோபமாக இருந்தது, தலைவி எவ்வளவு தூரத்தில் நின்றார், சரிவில் சிஸ்டர் கிளட்சை எப்படிப் பிடித்தார், தான் ஓட்டிய காலத்தில் பேச்சிப்பாறை ஏற்றத்தில் அறுபது பேரோடு அதேபோல் நின்றது, பிள்ளைகளுக்கு முதல் பாடத்தில் என்ன சொல்லலாம்.

தண்ணீர் நின்ற பிறகும் பேச்சு நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சாயாவில் ஆடை படிந்துவிட்டது. சீக்கிரம் வாருங்கள் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.